‘புரோ டெம்பொரே’ : ஒரு பதவித் தொடரின் பொருளும் வழக்கும்

முன்னுரை

ஆட்சித்துறைச் சொற்கள் பெரும்பாலும் இருவகைப் பொருள் உடையன. ஒன்று, சொல்லின் உறுப்புக்கள் தரும் பொருள்; மற்றொன்று, நெடுங்கால வழக்கினால் அச்சொல் எய்திய பொருள். இவ்விரண்டும் இயைந்து நிற்கும்வரை இடர்ப்பாடு இல்லை. இவை வேறுபடுங்கால், அச்சொல்லைப் பெயராக உடைய பதவியின் எல்லை யாது என்னும் வினா எழும். அவ்வினா அகராதியளவில் நில்லாது, ஒரு நாட்டின் தலைமை யாரைச் சேரும் என்னுமளவிற்குச் செல்லுதலும் உண்டு. அத்தகைய தொடர்களுள் ஒன்று, ‘புரோ டெம்பொரே’ என்னும் இலத்தீன் தொடர். இதனைச் சுருக்கிப் ‘புரோ டெம்’ என்றும் வழங்குவர்.

இத்தொடர்க்குத் ‘தற்காலிகமாக’ எனப் பொருள் கூறி அமைதல் இயல்பு. அப்பொருள் பிழையன்று, ஆயின் முழுமையும் அன்று. பதவி வகிப்பவரின் காலக்குறுக்கம் இத்தொடரின் ஒரு கூறே. ‘இருக்கை ஒருபொழுதும் வெறுமையாதல் கூடாது’ என்னும் கருத்தே இதன் உயிர்நிலை. இவ்விரு கூறுகளும் ஒன்றோடொன்று முரணிய வரலாற்றை, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் செனட்டு அவை மிகத் தெளிவாகக் காட்டுகின்றது. அவ்வரலாற்றை ஆராய்ந்து, பின்னர்த் தமிழில் இதற்கு நேராக வழங்கும் சொற்களை எடைபோடுதல் இக்கட்டுரையின் நோக்கம்.

1. சொல்லமைப்பு

‘டெம்புஸ்’ என்பது இலத்தீனில் காலத்தைக் குறிக்கும் பெயர். ‘டெம்பொரே’ என்பது அதன் வேற்றுமைத் திரிபு. ‘புரோ’ என்பது அத்திரிபினை அவாவி நிற்கும் முன்னிடைச்சொல். அதற்கு ‘முன்’, ‘பொருட்டு’, ‘பதிலாக’, ‘தக்கவாறு’ எனப் பல பொருள்கள் உள. தமிழில் வேற்றுமையுருபு பெயரின் பின் நிற்க, இலத்தீனில் இவ்விடைச்சொல் பெயரின் முன் நிற்கின்றது. ஆதலின் நான்காம் வேற்றுமைப் பொருண்மையில் இதனைப் ‘பொழுதுக்கு’ என்றோ ‘அப்பொழுதைக்கு’ என்றோ பெயர்த்தல் தகும்.

பண்டை இலத்தீன் நூல்களில் இத்தொடர் பதவிப் பெயராக வழங்கிற்றில்லை. சீசர் தம் காலியப் போர்க் குறிப்பின் ஐந்தாம் பகுதியில், படைத்தலைவன் காலநிலைக்கேற்ப முடிவு செய்தல் வேண்டும் என்னும் கருத்தில் இதனை ஆள்கின்றார். ஆண்டுப் ‘புரோ’ என்பதற்குத் ‘தக்கவாறு’ என்பதே பொருள். ‘காலத்துக்குத் தக்கவாறு’ என்னும் பொருள் ‘அக்காலத்துக்கு மட்டும்’ எனச் சுருங்கி, அதன்பின்னரே பதவிப் பெயர்களோடு ஒட்டி நின்றது. எனவே இத்தொடரின் முதற்பொருளில் குறுமை இல்லை, தேவையே உண்டு. காலம் எதனை வேண்டுகின்றதோ அதனைச் செய்தல் என்பதே அதன் அடிக்கருத்து. பின்வரும் வரலாற்றை அறிய இவ்வேறுபாடு பெரிதும் துணைசெய்யும்.

2. உரோமர் கண்ட இருவழிகள்

தொடர் பதவிப் பெயராகாவிடினும், பதவியிடம் வெறுமையுறும் சிக்கலை உரோமர் நன்கு அறிந்திருந்தனர். அதற்கு அவர் கண்ட வழிகளுள் இரண்டு ஈண்டு ஒப்பிடற்பாலன.

முதலாவது ‘இன்டர்ரெக்ஸ்’ என்னும் பதவி. ‘இன்டர்’ என்பது இடை. ‘ரெக்ஸ்’ என்பது அரசன். ஆகவே இப்பெயர் ‘இடையரசன்’ எனப் பொருள்படும். மன்னர் ஆட்சி நீங்கிக் குடியாட்சி ஏற்பட்ட பின்னரும் இப்பெயர் நீங்கவில்லை. ஆண்டுத் தலைவராகிய கன்சூல்கள் இருவரும் இல்லாதொழியின், உயர்குடிச் செனட்டர்களுள் ஒருவர் இடையரசராவார். அவர் பதவி ஐந்து நாளே. அதன்பின் அது மற்றொருவரைச் சேரும். புதிய கன்சூல்களைத் தேர்ந்தெடுத்தற்கு வழிசெய்தலே அவர்தம் தலையாய கடமை. எனினும் கி. மு. 82-இல் இடையரசராயிருந்த வலேரியுஸ் பிளாக்குஸ், சுல்லாவைச் சர்வாதிகாரி ஆக்கும் சட்டத்தையே நிறைவேற்றுவித்தார். ஐந்து நாட் பதவியும் அரசின் போக்கை மாற்றவல்லது என்பதற்கு இது சான்று.

இரண்டாவது ‘புரோ கன்சூல்’ முறை. கி. மு. 326-இல் நியாப்பொலிசு நகரை முற்றுகையிட்டிருந்த புப்ளிலியுஸ் பிலோ என்பாரின் ஆண்டுக்காலம் முடிவுற்றது. முற்றுகையோ முடியவில்லை. அவரைத் திருப்பி அழையாது, கன்சூலின் இடத்தில் நின்று போரை நடத்துமாறு பணித்தனர். ஈண்டு வந்த ‘புரோ’ ‘பதிலாக’ என்னும் பொருளது.

இடையரசன் என்பது ‘இடைவெளி’யைச் சுட்டுகின்றது, புரோ கன்சூல் என்பது ‘பதில்நிலை’யைச் சுட்டுகின்றது, நாம் ஆராயும் தொடரோ ‘பொழுதை’ச் சுட்டுகின்றது. இடைவெளி, பதில்நிலை, பொழுது என்னும் இம்மூன்றும் வெவ்வேறு கருத்துக்கள். இவற்றை ஒன்றாகக் கொள்ளுதலே பின்னாளில் எழுந்த குழப்பங்கட்கு வித்தாயிற்று.

3. அமெரிக்க அரசியலமைப்பில் இத்தொடர்

1787-இல் வகுக்கப்பெற்ற அமெரிக்க அரசியலமைப்பின் முதற்பிரிவு, துணைக் குடியரசுத் தலைவரையே செனட்டின் தலைவராக்குகின்றது. வாக்குகள் சமமாகப் பிரிந்தாலன்றி அவர்க்கு வாக்கு இல்லை. அவர் அவைக்கு வராதபொழுதும், குடியரசுத் தலைவர் பணியை ஏற்குங்காலும், செனட்டு தனக்கு ஒரு ‘புரோ டெம்பொரே’ தலைவரைத் தேர்ந்தெடுத்தல் வேண்டும் என்பது அடுத்த விதி.

இவ்விதியில் பதவி தோன்றும் நிலை கூறப்பட்டதேயன்றி, அது முடியும் நிலை வெளிப்படக் கூறப்படவில்லை. முடிவைக் கூறும் பொறுப்பு இலத்தீன் தொடரிடமே விடப்பட்டது. ‘அப்பொழுதைக்கு’ என்றமையின், அப்பொழுது நீங்கின் பதவியும் நீங்கும் என முன்னோர் கொண்டனர். 1789 ஏப்பிரல் 6-இல் நியூ ஆம்சயர் நாட்டவரான ஜான் லாங்டன் இப்பதவிக்கு முதன்முதல் தேர்ந்தெடுக்கப்பட்டார். குடியரசுத் தலைவர் தேர்தல் வாக்குகளைத் திறந்து எண்ணுதற்கு ஒருவர் வேண்டியிருந்தமையே காரணம். துணைத்தலைவரான ஜான் ஆடம்ஸ் அம்மாதமே வந்து இருக்கையில் அமர்ந்தார். லாங்டனின் தலைமையும் நீங்கிற்று. இது தொடரின் நேர்ப்பொருளுக்கு முற்றும் பொருந்திய வழக்கு.

1792-இல் இயற்றிய சட்டம் இப்பதவியின் எடையை மாற்றியது. குடியரசுத் தலைவரும் துணைத்தலைவரும் இல்லாதொழியின், செனட்டின் புரோ டெம்பொரே தலைவரும், அவர்க்குப்பின் கீழவைத் தலைவரும் ஆட்சிப்பணியை ஏற்பர் என அச்சட்டம் விதித்தது. அவையை ஒழுங்குசெய்தற்கென ஏற்பட்ட ஒரு பொழுதுப்பதவி நாட்டுத் தலைமைக்கு மூன்றாம் படியாயிற்று. பொழுதுக்குப் பொழுது தோன்றி மறையும் பதவியொன்று, என்றும் இருத்தல்வேண்டிய காவலாக வைக்கப்பட்டது. இம்முரணே பின்வந்த நிகழ்ச்சிகளின் மூலம்.

முரணை நீக்க ஒரு மரபு உண்டாயிற்று. கூட்டத்தொடர் முடிதற்குச் சின்னாள் முன்னரே துணைத்தலைவர் தாமே அவையினின்று விலகுவர். அவர் வாராமையால் செனட்டு ஒருவரைத் தேர்ந்தெடுக்கும். அவர் அவை கூடாத மாதங்களில் வரிசையைக் காப்பர். ஆனால் துணைத்தலைவர் விலக மறுப்பின் யாது செய்வது? 1813-இல் எல்பிரிட்ஜ் கெர்ரி விலக மறுத்தார். குடியரசுத் தலைவர் மாடிசன் நோயுற்றிருந்த காலம் அது. அவர்க்கு மாறானவர் கையில் அப்பதவி விழும் என்னும் அச்சமே கெர்ரியின் மறுப்புக்குக் காரணம். 1814 நவம்பர் 23-இல் கெர்ரி மறைந்தார். இருநாளில் ஜான் கெயிலார்டு தேர்ந்தெடுக்கப்பட்டார். செனட்டு அப்பொழுது கூடியிருந்தமையால் இடைவெளி இருநாளளவில் நின்றது.

4. பொழுது யாருடையது?

தொடரின் பொருள்பற்றிய ஐயத்தை விளக்கமாகக் காட்டும் நிகழ்ச்சிகள் இரண்டு.

முதலாவது 1849-ஆம் ஆண்டினது. ஜேம்ஸ் போல்க்கின் ஆட்சிக்காலம் மார்ச்சு 4-ஆம் நாள் நண்பகலில் முடிந்தது. அந்நாள் ஞாயிற்றுக்கிழமையாதலின் சக்கரி டெய்லர் மறுநாளே உறுதிமொழி ஏற்றார். இடைப்பட்ட ஒருநாளில் செனட்டின் புரோ டெம்பொரே தலைவரான டேவிட் அட்சிசன் குடியரசுத் தலைவராக இருந்தார் என்பது வழிவழி வந்த கூற்று. மிசூரி மாநிலத்துப் பிளாட்சுபர்க்கில் உள்ள அவர் நினைவுக்கல்லிலும் அவ்வாறே பொறித்துளர். இக்கூற்று நிலைபெறாது. அட்சிசனின் செனட்டர் காலமும் அந்நண்பகலிலேயே முடிந்தது. மார்ச்சு 5-இல்தான் அவர் மீண்டும் உறுதிமொழி ஏற்றுத் தலைவராகவும் தேர்ந்தெடுக்கப்பட்டார். பிறர் காலம் முடிந்ததை எண்ணியோர், ‘பொழுதுக்கு’ அமர்ந்தவர்க்கும் ஒரு பொழுது உண்டு என்பதை மறந்தனர். மேலும் டெய்லரின் ஆட்சிக்காலம் உறுதிமொழிக்கு முன்னரே தொடங்கிற்று என்பதும் பலர் துணிபு.

இரண்டாவது நிகழ்ச்சி கடுமையானது. 1865-இல் ஆபிரகாம் லிங்கன் கொலையுண்டபின் ஆண்ட்ரூ ஜான்சன் தலைவரானார், துணைத்தலைவர் இலர். 1867 மார்ச்சில் ஒகையோவின் பெஞ்சமின் வேடு செனட்டின் புரோ டெம்பொரே தலைவரானார். 1868-இல் ஜான்சன்மீது குற்றச்சாட்டு விசாரணை நிகழ்ந்தது. தீர்ப்பு ஜான்சனுக்கு மாறாயின் ஆட்சி வேடினைச் சேரும். அத்தகையவர் நடுவராய் அமர்ந்து வாக்களித்தல் முறையோ என இந்தியானாவின் செனட்டர் தாமஸ் ஹென்டிரிக்ஸ் தடை எழுப்பினார். ஜான்சனின் மருமகனான டேவிட் பாட்டர்சனும் நடுவருள் ஒருவராக இருக்கின்றாரே என்றும், ஒகையோவின் வாக்கை நீக்குதல் ஒண்ணாது என்றும் மறுமொழி வந்தது. தடை பின்னர்க் கைவிடப்பட்டது.

ஈண்டுக் கருதத்தக்கது ஒன்று உண்டு. குடியரசுத் தலைவரை விசாரிக்குங்கால் தலைமை நீதிபதியே அவைக்குத் தலைமை தாங்குவர் என்பது அரசியலமைப்பு. ஊதியம் பெறுவார் தலைமை தாங்கலாகாது என்பதே அதன் உட்கோள் எனக் கருதுவர். ஆனால் துணைத்தலைவர்க்கு இயல்பான வாக்கு இல்லை; புரோ டெம்பொரே தலைவர்க்கோ செனட்டர் என்னும் முறையில் முழுவாக்கு உண்டு. உரியவரிடம் இல்லாத ஓர் ஆற்றல் பொழுதுக்கு நின்றவரிடம் இருந்தது! மே 16-இல் 35 பேர் குற்றம் உண்டு என்றும், 19 பேர் இல்லை என்றும் வாக்களித்தனர். வேடும் குற்றம் உண்டு என்றே வாக்களித்தார். தேவையான மூன்றில் இருபங்குக்கு ஒரு வாக்குக் குறைந்தமையின் ஜான்சன் தப்பினார். வேடு ஆட்சி எய்துதலை விரும்பாமையும் சிலர் மனத்தை மாற்றிற்று என வரலாற்றாசிரியர் பலர் கருதுவர்.

5. வெற்றிடமும் திருத்தமும்

1881 சூலை 2-இல் சுடப்பட்ட ஜேம்ஸ் கார்பீல்டு செப்டம்பர் 19-இல் உயிர்நீத்தார். செஸ்டர் ஆர்தர் தலைவரானார். அவர் முன்னைக் கூட்டத்தொடரின் இறுதியில் அவையைவிட்டு விலகாமையின், புரோ டெம்பொரே தலைவர் தேர்ந்தெடுக்கப்படவில்லை. புதிய கீழவை கூடாமையின் அதற்கும் தலைவர் இலர். ஆர்தர்க்குத் தீங்கு நேரின் ஆட்சியை ஏற்பார் ஒருவரும் இல்லாத நிலை. அக்டோபர் 10-இல் செனட்டு தாமஸ் பேயர்டைத் தேர்ந்தது. மூன்று நாளில் அவ்விடம் டேவிட் டேவிஸைச் சேர்ந்தது.

நான்காண்டு கழித்து அந்நிலை மீண்டது. 1885 நவம்பர் 25-இல் துணைத்தலைவர் இறந்தார். செனட்டு கூடியிருக்கவில்லை, புரோ டெம்பொரே தலைவரும் இலர், கீழவைத் தலைவரும் இலர். இறந்த துணைத்தலைவர், வேடின் வாக்குரிமையை 1868-இல் மறுத்த அதே தாமஸ் ஹென்டிரிக்ஸ் ஆவர். அன்று அவர் வினாவியது, பொழுதுக்கு இருப்பவரின் உரிமை யாது என்பது. அவர்தம் மறைவு எழுப்பிய வினா, பொழுதுக்கும் ஒருவர் இலராயின் யாது செய்வது என்பது.

விடையாக 1886-ஆம் ஆண்டுச் சட்டம் வந்தது. அது செனட்டின் தலைவரையும் கீழவைத் தலைவரையும் வரிசையினின்று நீக்கி, அமைச்சர்களை வைத்தது. நிலையில்லாத பதவியை நிலையான காவலுக்கு வைத்த முரண் அவ்வாறு தீர்ந்தது.

இதனோடு மற்றொரு மாற்றமும் மெல்ல நிகழ்ந்தது. அப்பதவி செனட்டின் விருப்புள்ளவரை நீடிக்கும் என 1876-இல் அவ்வவை தீர்மானித்தது. 1890 மார்ச்சில், ஒருமுறை தேர்ந்தெடுக்கப்பட்டவர், வேறொருவர் தேர்ந்தெடுக்கப்படும்வரை இடையறாது பதவியில் இருப்பர் என முடிவாயிற்று. துணைத்தலைவர் வருதலும் போதலும் இனிப் பதவியைத் தோற்றுவிப்பதும் இல்லை, அழிப்பதும் இல்லை. பெயரில் ‘பொழுது’ எஞ்சியது. பதவியில் அது நீங்கிற்று.

1947-இல் டுரூமன் காலத்துச் சட்டம் கீழவைத் தலைவரையும், அவரை அடுத்துச் செனட்டின் புரோ டெம்பொரே தலைவரையும் மீண்டும் வரிசையில் சேர்த்தது. மெய்யாகவே பொழுதுப்பதவியாக இருந்தபொழுது வரிசைக்குத் தகாதென விலக்கப்பட்ட பதவி, நிலைப்பதவியான பின்னரே மீண்டும் புகுந்தது. நாட்டுத் தலைமையைக் காக்கும் வரிசை வேண்டுவது, காலத்தால் குறுகியவரை அன்று, என்றும் இருப்பவரை என்பது இதனால் விளங்கும்.

6. பெயர் நிலைத்த பின்னர்

பழம்பொருள் அடியோடு மறைந்தது எனவும் கூறவியலாது. 1911-இல் உடல்நலக் குறைவால் வில்லியம் பிரை விலகியபின், எவர்க்கும் பெரும்பான்மை கிட்டவில்லை. அதனால் அகஸ்டஸ் பேக்கன், ஜேக்கப் கேலிங்கர் முதலிய சிலர் 1913 வரை சின்னாட்களுக்கு மாறிமாறித் தலைமை தாங்கினர். சிலர் ஒருநாளே அமர்ந்தனர். உடன்பாடு குன்றியபொழுது தொடர் தன் நேர்ப்பொருளுக்கே மீண்டது.

இருபதாம் நூற்றாண்டின் நடுப்பகுதி தொட்டு, பெரும்பான்மைக் கட்சியின் மிக மூத்த செனட்டரை இப்பதவிக்குத் தேர்தல் வழக்காயிற்று. அவரும் நாடோறும் இருக்கையில் அமர்வதில்லை. அவர்க்கும் பதிலாக இளைய செனட்டர்கள் அமர்வர். 1964-இல் லீ மெட்காப் என்பவர் ‘நிலையான பொறுப்புப் புரோ டெம்பொரே தலைவர்’ ஆக்கப்பட்டு, 1978-இல் இறக்கும்வரை அப்பெயரோடு இருந்தார். நிலைமை, பொறுப்பு, பொழுது என்னும் மூன்றும் ஒரு பெயரில் அடுக்கி நிற்றல் காண்க. உறுப்புக்களைப் பிரித்துப் பொருள் காண்பார்க்கு இது முரண்தொடர். வழக்கறிந்தார்க்கு இயல்பான பெயர்.

அண்மையில் கீழவையிலும் இத்தொடர் சோதனைக்கு உள்ளாயிற்று. 2001-ஆம் ஆண்டுத் தாக்குதலின் பின், தலைவரிடம் வெற்றிடம் ஏற்படின் யார் ஏற்பது என்பதற்குத் தலைவரே பெயர்ப்பட்டியல் தருதல் வேண்டும் என 2003-இல் விதி செய்தனர். 2023 அக்டோபர் 3-இல் கெவின் மெக்கார்த்தி பதவிநீக்கம் பெற்றதும், அவ்விதி முதன்முறை செயற்பட்டுப் பாட்ரிக் மெக்ஹென்றி புரோ டெம்பொரே தலைவரானார். அவர்க்குத் தலைவரின் முழு அதிகாரமும் உண்டோ, புதிய தலைவரைத் தேர்ந்தெடுக்கும் பணி மட்டுமோ என்னும் வாதம் எழுந்தது. தனித்தீர்மானத்தால் அவர்க்கு அதிகாரம் அளிக்கும் எண்ணம் தோன்றிக் கைவிடப்பட்டது. அக்டோபர் 25-இல் மைக் ஜான்சன் தேர்ந்தெடுக்கப்படும்வரை அவர் குறுகிய பொருளையே மேற்கொண்டார். செனட்டில் தன் பொழுதினை இழந்த தொடர், கீழவையில் அதனைக் காத்துக்கொண்டது.

7. இந்திய வழக்கும் தமிழ்ச் சொற்களும்

இந்தியாவில் 1946 டிசம்பர் 9-இல் கூடிய அரசியல் நிர்ணய சபைக்கு, மூத்தவராகிய சச்சிதானந்த சின்கா முதற்கண் தலைமை தாங்கினார். 11-ஆம் நாள் இராசேந்திர பிரசாத் நிலையான தலைவராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். இந்திய அரசியலமைப்பின் 95-ஆம், 180-ஆம் உறுப்புக்கள், அவைத்தலைவர், துணைத்தலைவர் இருவர் இடமும் வெறுமையாயின், மக்களவைக்குக் குடியரசுத் தலைவரும் மாநிலப் பேரவைக்கு ஆளுநரும் ஓர் உறுப்பினரை அமர்த்தலாம் என்கின்றன. இலத்தீன் தொடர் அவ்வுறுப்புக்களில் இல்லை, வழக்கிலேயே உளது. உறுதிமொழி ஏற்பித்தலும் தலைவர் தேர்தலை நடத்தலும் அவர்தம் இயல்பான பணிகள். ஆயினும் 2018 மே மாதம் கருநாடகப் பேரவையில் நம்பிக்கை வாக்கெடுப்பை நடத்தும் பொறுப்பு அத்தகையவரைச் சார்ந்தது. மரபுப்படி மூத்தவரை அமர்த்தவில்லை என வழக்குத் தொடுக்கப்பட்டது. உச்சநீதிமன்றம் நியமனத்தைத் தடுக்காது, அவை நிகழ்ச்சிகளை நேரே ஒளிபரப்புமாறு செய்தது. பொழுது சிறிதாயினும் பொறுப்புச் சிறிதன்று.

தமிழில் இக்கருத்துக்கு நான்கு சொற்கள் வழங்குகின்றன. ‘தற்காலிகம்’ என்பது ‘தத்காலம்’ என்னும் வடசொல்வழி வந்தது. ‘அக்காலத்துக்குரியது’ என்பது அதன் நேர்ப்பொருள். ஆதலின் உறுப்புப்பொருளால் இலத்தீன் தொடரோடு மிகவும் நெருங்குவது இதுவே. இன்றைய வழக்கில் ‘நிலையற்றது’ என்னும் பொருளே மேலோங்கியுளது. ‘இடைக்கால’ என்பது இடைவெளியைச் சுட்டுதலின் உரோமரின் இடையரசனோடு ஒக்கும். ஈழத்தமிழர் ‘பதில் அதிபர்’, ‘பதில் நீதவான்’ என வழங்கும் ‘பதில்’ மாற்றுநிலையைச் சுட்டுவது. புரோ கன்சூலில் உள்ள ‘புரோ’வுக்கு நேரானது. தமிழ்நாட்டில் ‘பொறுப்பு’ என்பது காலத்தையும் இடைவெளியையும் விடுத்துக் கடமையை மட்டும் கூறுகின்றது. நான்கும் ஒருபொருட் கிளவிகள் அல்ல.

முடிவுரை

இதுகாறும் கூறியவற்றால், ‘புரோ டெம்பொரே’ என்பதற்கு எவ்விடத்தும் ஒரே சொல்லைப் பெய்தல் பொருந்தாது என்பது பெறப்படும். 1789-இன் லாங்டனையும் 2023-இன் மெக்ஹென்றியையும் ‘தற்காலிகத் தலைவர்’ எனல் தகும். 1890-க்குப் பிற்பட்ட செனட்டுத் தலைவரை அவ்வாறு கூறின், படிப்போர் அப்பதவியைச் சின்னாட் பதவி என மயங்குவர். ‘பதில் தலைவர்’ என்றல் அவ்விடத்துப் பொருந்தும். மொழிபெயர்ப்போர் தொடரின் உறுப்புக்களை நோக்குதலோடு, அது வழங்கிய யாண்டினையும் அவையினையும் நோக்குதல் வேண்டும்.

ஆட்கள் வருவர், போவர். இருக்கை ஒழியலாகாது என்னும் கோட்பாடு இத்தொடரைத் தோற்றுவித்தது. அக்கோட்பாட்டிற்குக் குறுகிய பொழுது போதாதாயிற்று. ஆதலின் பதவி நீண்டது. பெயர் மட்டும் பழையபடி நின்றது. பதவிப் பெயரைக்கொண்டு அதிகாரத்தின் எல்லையை அளக்க முற்படுவோர் இவ்வரலாற்றை உளங்கொள்ளுதல் நலம்.